சக்கரம் சொல்லிவிட்டுத்தான் கழல்கிறது

ஓடுகிற வண்டியை முந்திக்கொண்டு அதன் சக்கரமே தனியாக உருண்டு போவதைப் பார்த்தால் சினிமாவில் சிரிப்பு வரும். நெடுஞ்சாலையில் வராது. 10.00-20 அளவு டயர் மாட்டிய லாரிச் சக்கரம் ஒன்று ரிம்மோடு சேர்த்து சுமார் 100 கிலோ. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது கழன்று எதிரே வருகிற ஸ்கூட்டரில் மோதினால், நாலு மாடி உயரத்திலிருந்து 100 கிலோ மூட்டை ஒன்று தலையில் விழுவதற்குச் சமம். (நம்பிக்கை இல்லாதவர்கள் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தை எடுத்து வேகத்தின் வர்க்கத்தை 2g-ஆல் வகுத்துப் பாருங்கள், 14 மீட்டர் வரும். சக்கரம் சுழல்வதால் உள்ள ஆற்றலை இதில் சேர்க்கவே இல்லை.) கழன்றது பின் சக்கரம் என்றால் சில சமயம் ஜோடி டயர், ஹப், பிரேக் டிரம் எல்லாம் ஒன்றாகவே வரும். அது கிட்டத்தட்ட 300 கிலோ.

மறுநாள் செய்தித்தாளில் "எதிர்பாராதவிதமாகச் சக்கரம் கழன்றது" என்று ஒரு வரி வரும். அந்த "எதிர்பாராதவிதமாக" என்ற வார்த்தையோடுதான் இந்தக் கட்டுரைக்குச் சண்டை. லாரிச் சக்கரம் எதிர்பாராதவிதமாகக் கழல்வது மிக அபூர்வம். பல நூறு கிலோமீட்டருக்கு முன்பிருந்தே சூடாகி, கசிந்து, முனகி, ஆடி, தன்னால் முடிந்த வகையில் எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அது கழல்கிறது.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சக்கரத்தின் நடுவில் துருத்திக்கொண்டு தெரிகிற வார்ப்பு இரும்புக் குடம்தான் ஹப். அதற்குள் இரண்டு பேரிங்குகள், உள்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. உருளைகள் சற்றே கூம்பு வடிவில் இருப்பதால் இவற்றை டேப்பர் ரோலர் பேரிங் என்பார்கள். மேலிருந்து அழுத்தும் லோடையும் தாங்கும், வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும் விசையையும் தாங்கும். சுற்றிலும் கிரீஸ். கிரீஸ் வெளியே போகாமலும் தண்ணீரும் தூசியும் உள்ளே வராமலும் காவல் காக்க ஒரு ஆயில் சீல். இவ்வளவையும் பிடித்து நிறுத்த ஒரு பெரிய நட்டும் அதற்கு ஒரு பூட்டும்.

இதில் விலை குறைந்த பொருள் சீல்தான். கதை பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. சீல் கிழிகிறது, கிரீஸ் கசிகிறது. கிரீஸ் குறைந்த பேரிங் சூடாகிறது. சூட்டில் மிச்சமிருக்கும் கிரீஸும் இளகி ஓடுகிறது. உருளைகளின் மேல் தோல் பொரிப்பொரியாக உரிகிறது. உரிந்த இரும்புத்தூள் மிச்சத்தையும் அரைக்கிறது. இப்போது சக்கரம் லேசாக ஆடத் தொடங்கும். ஆட்டத்தில் சீல் இன்னும் கிழியும். கடைசியில் பேரிங் உருக்குலைந்து, நட்டைத் தாண்டி ஹப்போடு வெளியே வரும். ஒவ்வொரு படியும் அடுத்த படியை வேகப்படுத்துகிற சங்கிலி இது. சீல் கசிவில் ஆரம்பித்து ஆட்டம் வரை வருவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஆட்டம் வந்த பிறகு முடிவு வருவதற்கு ஒரு டிரிப் போதும். இந்த அளவு லாரிச் சக்கரம் கிலோமீட்டருக்குச் சுமார் 300 முறை சுற்றும். நாமக்கல்லில் ஏற்றிய லோடு மும்பை போய்ச் சேர 1,200 கிலோமீட்டர் என்று வைத்தால் மூன்றரை லட்சம் சுற்று. உரிந்துபோன பேரிங்குக்கு அது ரொம்ப அதிகம்.

சரி, எப்படிச் சொல்கிறது?

முதல் பாஷை சூடு. டீக்கடையில் நிறுத்தியதும் இறங்கி ஒவ்வொரு ஹப் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோவது பழைய டிரைவர்களின் பழக்கம். புறங்கை ஏன் என்றால், உள்ளங்கை வெந்தால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது! முதலில் அருகே கொண்டுபோய்ப் பார்த்து, தாங்கும் என்றால் மட்டும் தொட வேண்டும். இளஞ்சூடு இருப்பது இயல்பு. ஒரு ஹப் எவ்வளவு சூடு என்பதைவிட, அதே ஆக்ஸிலில் எதிர்ப்பக்கம் இருக்கும் ஹப்பைவிட எவ்வளவு அதிகம் என்பதுதான் கேள்வி. இடது பக்கம் கை வைக்க முடிகிறது, வலது பக்கம் ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை என்றால் அங்கே ஏதோ நடக்கிறது.

இதில் ஒரு குழப்பம் வரும். தொப்பூர் கணவாய் இறங்கி வந்த லாரியின் சக்கரங்கள் எல்லாமே கொதிக்கும். அது பிரேக் பிடித்த சூடு. அங்கே தொட்டுப் பார்த்துப் பயந்து பிரயோஜனமில்லை, சூடு இல்லாத சக்கரம் இருந்தால்தான் பயப்பட வேண்டும், அதில் பிரேக் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சமமான ரோட்டில், அதிகம் பிரேக் பிடிக்காமல் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தும்போது தொட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. அப்போதும் ஒரு சக்கரம் மட்டும் சூடு என்றால் இரண்டு காரணங்களில் ஒன்று. பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம், அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கலாம். டிரம் அதிகச் சூடாகவும் ஹப் நடுப்பகுதி அதைவிடக் குறைவாகவும் இருந்தால் பெரும்பாலும் பிரேக். நடுவிலிருந்தே கொதித்தால் பேரிங். எதுவாக இருந்தாலும் இரண்டாவது டீ குடித்துவிட்டுக் கிளம்புகிற விஷயம் இல்லை.

(கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே ஒரு துப்பாக்கி, அது இதற்கு உதவாது. அது மனித உடம்பின் வெப்ப அளவுக்காகச் செய்தது, நாற்பது டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் கைவிரித்துவிடும். பட்டறைகளுக்கென்றே அதே மாதிரி இன்னொன்று இருக்கிறது. லாரி டயர் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறை.)

இரண்டாவது, கசிவு. ரிம்மின் உள்பக்கமோ டயரின் பக்கவாட்டிலோ கருப்பாக, ஈரமாக, தூசி அப்பிக்கொண்டு ஒரு தடம் தெரிந்தால் அது சாலையில் பட்ட அழுக்கு இல்லை, உள்ளேயிருந்து வந்த கிரீஸ். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி விசிறி மாதிரிப் பரவியிருக்கும். பின் சக்கரமாக இருந்தால் ஹவுசிங்கின் கியர் ஆயிலும் சேர்ந்து வரும். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அந்தக் கிரீஸ் பிரேக் லைனரில் பட்டுவிட்டால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்காது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். "பிரேக் இழுக்குது" என்று பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பிரேக்கை மட்டும் சரிசெய்து அனுப்புகிறவரும் உண்டு, லைனர் ஏன் நனைந்தது என்று ஒரு நிமிடம் யோசிக்கிறவரும் உண்டு. இரண்டாமவரிடம்தான் வண்டியை விட வேண்டும்.

மூன்றாவது, சத்தம். ஒரு மாதிரி முனகல், வேகம் கூடக்கூட ஏறும், குறையக் குறைய இறங்கும். கியர் மாற்றினாலும் கிளட்ச் மிதித்தாலும் மாறாது என்பதால் எஞ்சின் சத்தத்திலிருந்து பிரித்துவிடலாம். வளைவில் திரும்பும்போது லோடு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துப் பேரிங் கூடுதலாகக் கத்தும். ஆனால் உண்மையைச் சொன்னால், சத்தத்தை நம்பி இருக்க முடியாது. முன் சக்கரம் என்றால் டிரைவருக்குக் கேட்கும். கேபினுக்குப் பின்னால் இருபது அடி தள்ளி, லோடுக்கு அடியில், நாலு டயருக்கு நடுவில் முனகுவது எப்படிக் கேட்கும்? டீசல் எஞ்சின் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்.

அதனால்தான் ஆட்டம் பார்ப்பது முக்கியம். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் 12 மணியும் 6 மணியும் இருக்கும் இடங்களைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். கனமான சக்கரம் என்றால் அடியில் கடப்பாரை கொடுத்து நெம்ப வேண்டும். பேரிங்கில் இருக்க வேண்டிய தளர்ச்சி 0.025 மில்லிமீட்டரிலிருந்து 0.125 மில்லிமீட்டருக்குள். ஒரு தலைமுடியின் தடிமன் அளவு, அவ்வளவுதான். கைக்குத் தெளிவாக ஆட்டம் தெரிகிறது என்றாலே எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். முன் சக்கரத்தில் ஒரு சந்தேகம் வரும், ஆடுவது பேரிங்கா கிங் பின்னா என்று. ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். இரண்டு நிமிட வேலை. சக்கரத்தைக் கையால் சுற்றும்போது மணலை அரைப்பது போல விரலில் உணர்ந்தால் மேற்கொண்டு எந்தச் சோதனையும் தேவையில்லை, கழற்றிவிடலாம்.

2015-க்குப் பிறகு வந்த கனரக லாரிகளில் இன்னொரு சாட்சியும் உண்டு, டேஷ்போர்டில் எரியும் ஏபிஎஸ் விளக்கு. ஹப்போடு சுற்றும் பல் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளிதான் இருக்கும். பேரிங் தளர்ந்தால் அந்த இடைவெளி மாறும், விளக்கு எரியும். பல வண்டிகளில் அந்த விளக்கு மாதக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது என்று ஒரு சமாதானம். ஒயர் அறுந்தாலும் அதே விளக்கு எரியும் என்பது உண்மைதான். எதற்காக எரிகிறது என்று பார்த்தவர்கள் அப்படிச் சொன்னால் ஏற்கலாம்.

ஹப் ஒழுங்காக இருந்தும் வீல் நட்டு தளர்ந்து சக்கரம் மட்டும் கழல்வது வேறு வகை. அதற்கும் அறிகுறி உண்டு. நட்டிலிருந்து வெளிப்புறமாகத் துருக்கோடு வழிந்திருக்கும், அல்லது நட்டைச் சுற்றிப் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளக்கும். உள்ளே உரசல் நடக்கிறது என்பதற்கு அந்தக் கோடுதான் எழுத்துமூல ஆதாரம். இங்கேதான் நம் ஊர் வழக்கம் ஒன்று இடிக்கிறது. எப்.சி. காட்டப் போகும் லாரிக்கு முன்னாலிருந்து பின்னால் வரை பெயின்ட் அடிப்பார்கள். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடா வருடம் இந்தத் திருவிழா. ரிம்மும் நட்டும் ஸ்டட்டும் எல்லாம் ஒரே பூச்சு. துருக்கோடு மறைந்துவிடும். போதாக்குறைக்கு, ரிம்மும் ஹப்பும் சேரும் முகத்தில் கெட்டியாகப் பெயின்ட் அடித்து மாட்டினால் ஓட்டத்தில் அந்தப் பெயின்ட் நசுங்கி, இறுக்கிய நட்டு தானாகத் தளரும். பாதுகாப்பானது என்று சான்றிதழ் வாங்குவதற்காகச் செய்கிற வேலையே பாதுகாப்பைக் கெடுக்கிறது! சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டை மறுபடி இறுக்க வேண்டும் என்பது எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரியும். எத்தனை பேர் நடுரோட்டில் நிறுத்தி இறுக்குகிறார்கள் என்பது ஸ்பேனருக்குத்தான் தெரியும்.

இவ்வளவு அறிகுறிகள் இருந்தும் ஏன் கழல்கிறது? தெரியாததால் இல்லை. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டாலும் மேலே சொன்னதில் பாதியைச் சொல்வார். தெரிந்தவருக்கு வண்டியை நிறுத்தும் உரிமை இல்லை, அதுதான் பிரச்சினை.

டிரைவர் ஓனருக்கு போன் போடுகிறார். "அண்ணா, பின்னாடி லெப்ட்ல ஹப் ரொம்ப சுடுதுங்ணா." மறுமுனையில், "எவ்ளோ தூரம் இருக்கு? லோட எறக்கிட்டு வா, வந்து பாத்துக்கலாம்." இந்த உரையாடல் எந்த ஊர் லாரிக்காரருக்கும் புதிது இல்லை. ஓனரை வில்லனாக்குவது சுலபம். அவருக்கும் மாதத் தவணை இருக்கிறது, டோல்கேட் இருக்கிறது, லோடு தாமதமானால் வாடகையில் பிடிப்பார்கள். சின்னச் சத்தத்துக்கெல்லாம் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தூங்கும் டிரைவரையும் அவர் பார்த்திருப்பார். ஒரே ஒரு லாரி வைத்துத் தானே ஓட்டுபவரோ தனக்குத் தானே போன் போட்டுத் தானே "எறக்கிட்டு வா" என்று சொல்லிக்கொள்கிறவர்! ஆனாலும் கணக்குப் போட்டால் இது நஷ்ட வியாபாரம். ஒரு சீலும் இரண்டு பேரிங்கும் கிரீஸும் கூலியும் ஒரு பக்கம். ஹப், டிரம், ஆக்ஸில் முனை, டயர்கள், கிரேன் வாடகை, நின்ற நாட்கள் இன்னொரு பக்கம். யார் மேலாவது மோதினால் அந்தக் கணக்குக்கு எல்லையே கிடையாது.

லோடு விஷயத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. ரோலர் பேரிங்கின் ஆயுள் லோடு கூடும் அதே விகிதத்தில் குறைவதில்லை, லோடின் 10/3 அடுக்குக்கு, அதாவது சுமார் 3.33 அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. 20 சதவீதம் அதிக லோடு ஏற்றினால் ஆயுள் 20 சதவீதம் குறையாது, கிட்டத்தட்ட பாதியாகிவிடும். 2018-ல் மத்திய அரசு நாலு டயர் உள்ள ஒற்றை ஆக்ஸிலுக்கான வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. அதே பேரிங் அந்தக் கூடுதல் லோடைச் சுமந்தால் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வரம்பு உயர்ந்தது தவறு என்று சொல்ல வரவில்லை. பழைய வண்டியில் புதிய வரம்புக்கு லோடு ஏற்றிக்கொண்டு, கிரீஸ் மாற்றும் இடைவெளியை மட்டும் பழையபடியே வைத்திருப்பது தவறு.

இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்துவிட்டது. கிளீனர்கள் குறைந்துவிட்டார்கள். சம்பளம் மிச்சம் என்று டிரைவரை மட்டும் அனுப்புகிற வண்டிகள் பெருகிவிட்டன. நிறுத்திய இடத்திலெல்லாம் கம்பியை எடுத்துக்கொண்டு டயரைத் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வருவானே ஒரு பையன், அவன் காற்றை மட்டும் பார்க்கவில்லை. கசிவையும் சூட்டையும் நட்டையும் சேர்த்துப் பார்த்தவன் அவன்தான். "அண்ணே, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட ஒரு குரல் இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்குகிற டிரைவரிடம் அந்த வேலையையும் சேர்த்துக் கேட்பது நியாயமா? ரயில்வேயைப் பாருங்கள். நில்லாமல் போகிற ரயிலுக்கும் நிலைய ஊழியர் கொடியோடு வெளியே வந்து நிற்பார். பச்சை காட்டுவது மட்டும் அவர் வேலை இல்லை, ஏதாவது ஆக்ஸில் சூடாகிப் புகைகிறதா, எதுவும் தொங்குகிறதா என்று பார்ப்பதும்தான். ஓட்டுபவரால் தன் பின்னால் இருப்பதைப் பார்க்க முடியாது என்று ரயில்வே ஒப்புக்கொண்டு அதற்கு ஆள் போட்டது. சாலையில் நாம் இருந்த ஆளையும் எடுத்துவிட்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1995-ல் நெடுஞ்சாலைகளில் லாரிச் சக்கரங்கள் பறந்து வந்து மோதி உயிர்கள் போயின. 1997-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். லாரிச் சக்கரம் கழன்றால் வண்டியை இயக்கும் நிறுவனமும் உரிமையாளரும் குற்றவாளி, "நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம்" என்ற வாதத்துக்கே இடமில்லை, அபராதம் 2,000 டாலர் முதல் 50,000 டாலர் வரை. சிறை கிடையாது. இது அநியாயம் என்று வழக்குப் போட்டார்கள், மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003-ல் சட்டம் செல்லும் என்றுவிட்டது. கடுமைதான். ஆனால் யாரிடம் காசும் முடிவெடுக்கும் அதிகாரமும் இருக்கிறதோ அவரைத் தேடிப் போகிறது.

நம் ஊரில் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 190-வது பிரிவு கிட்டத்தட்ட இதற்காகவே எழுதியது போல இருக்கிறது. பழுதான வண்டியை ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் பொறுப்பு. பழுது தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும். விபத்தில் முடிந்தால் சிறைக்கும் இடமுண்டு. சூடும் கசிவும் ஆட்டமும் சாதாரண கவனத்துக்குத் தெரியாதவையா என்ன? இருந்தும் சக்கரம் கழன்று ஒருவர் இறந்தால் வழக்கமாக முதல் வழக்கு டிரைவர் மேல்தான் விழுகிறது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை, பழைய சட்டத்தில் 2 ஆண்டுதான். தண்டனை கூடியிருக்கிறது, ஆனால் "லோட எறக்கிட்டு வா" என்ற குரல் எந்த முதல் தகவல் அறிக்கையிலும் ஏறுவதில்லை.

இன்று எல்லார் கையிலும் வாட்ஸ்அப் இருக்கிறது. சூடான ஹப்பையும் கசிவையும் படம் எடுத்து, நேரமும் இடமும் தெரிய ஓனருக்கு அனுப்பிவிட்டுப் பதிலையும் அழிக்காமல் வைத்துக்கொள்கிற டிரைவர் தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்வதில்லை. எழுத்தில் "பரவாயில்லை, ஓட்டு" என்று பதில் போட எந்த ஓனருக்கும் கை வராது. போனில் சொல்வதுதான் சுலபம். சங்கங்கள் இதை ஒரு வழக்கமாக்கினால் ஸ்டிரைக்கை விடப் பலன் கிடைக்கும்.

கடைசியாக, ஹப் கொதிப்பதைக் கண்டுபிடித்துவிட்டவர்கள் செய்யும் ஒரு வேலையைப் பற்றி. ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றுகிறார்கள். ஊற்றாதீர்கள். காய்ந்த வார்ப்பு இரும்பு விரிசல் விடும், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, கிழிந்த சீல் வழியாகத் தண்ணீரைப் பேரிங்குக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். வெள்ளத்தில் ஓடிய லாரிகளின் பேரிங் சில வாரம் கழித்துப் போவதும் இதே காரணத்தால்தான். பெட்ரோல் பங்க்கிலோ இன்னொரு வண்டியை ஒட்டியோ நிறுத்தாமல் தனியாக ஓரங்கட்டி, தீயணைப்பான் கருவியைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, டயருக்கு நேர் எதிரே நிற்காமல், தானாக ஆற விட வேண்டும். சூட்டில் டயர் வெடிக்கவும் கூடும், கிரீஸ் பற்றிக்கொள்ளவும் கூடும். ஆற ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். ஓனருக்கும் படம் அனுப்பிவிடலாம்.